தேடுபொறியை ஒரு முறை நீங்களே ஓட்டிப் பாருங்கள்

அறிவியல் இடுபணி கொடுத்தவுடன் நீங்கள் முதலில் போகும் இடம் தேடுபொறி. அதில் தவறில்லை. ஆனால், இடுபணிகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று பளிச்சென்று தெரியும். ஒரே வகுப்பில் பத்துப் பதினைந்து பேரின் விடைகள் ஒரே பக்கத்திலிருந்து வந்திருக்கும். பட்டியலில் முதலாவதாக நின்ற பக்கம் அது. ‘ஏன் இதை எடுத்தாய்?’ என்று கேட்டால், ‘அதுதான் டீச்சர் முதலில் வந்தது’ என்ற பதில் வரும்.

அதை முதலில் வைத்தது யார்? எந்த விதியின்படி வைத்தார்கள்? அந்த விதி உங்களுக்காக எழுதப்பட்டதா, வேறு யாருக்காகவோ எழுதப்பட்டதா? இந்தக் கேள்விகளுக்குப் பாடநூலில் ஒரு பத்தி படித்தால் மட்டும் போதாது. செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டிப் பார்த்த பிறகுதான் சூலகம் எது, மகரந்தப் பை எது என்று மனத்தில் பதிகிறது. தேடுபொறியும் அப்படித்தான். படிவம் மூன்றைத் தாண்டிய ஒவ்வொரு மாணவரும், ஒரு முறையாவது, ஒரு சிறிய தேடுபொறியைத் தம் கணினியில் தாமே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

‘அதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை’ என்று பின்வாங்க வேண்டாம். உலகம் முழுவதையும் தேடும் பொறி வேறு. உங்கள் அறிவியல் குறிப்புகளை மட்டும் தேடும் பொறி வேறு. இரண்டாவதை ஒரு மாலைப் பொழுதில் உங்கள் மடிக்கணினியில் இயக்கிவிடலாம். மெய்லிசர்ச் என்ற திறந்த மூல மென்பொருள் அதற்கு ஏற்றது, கட்டணம் இல்லை. அதை ஓட்டுவதற்கு டாக்கர் என்ற கருவி போதும். மாணவர்களின் பயன்பாட்டுக்கு அதுவும் இலவசம். கணினியில் 8 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் தடங்கல் இருக்காது.

பெட்டிக்குள் மென்பொருள்

டாக்கர் செய்யும் வேலைக்குப் பெயர் ‘கொள்கலன்’. பெயரைக் கேட்டதும் கிள்ளான் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பெட்டிகள் நினைவுக்கு வருகின்றனவா? சரியாகவே நினைத்தீர்கள். பெயர் அங்கிருந்துதான் வந்தது.

முன்பெல்லாம் கப்பலில் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவார்கள். 1956 ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்பவரின் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்துகொண்டு அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. கொள்கலன் போக்குவரத்து வளர்ந்தது அதன் பிறகுதான். 1972 ஜூன் மாதம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் முனையத்துக்கும் முதல் கொள்கலன் கப்பல் வந்து சேர்ந்தது. இந்த ஏற்பாட்டின் பலம் என்ன? பெட்டிக்குள் இருப்பது ரப்பரா, வானொலியா என்று பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவும் மூலைப் பிடிகளும் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

மென்பொருளிலும் இதே சிக்கல் இருந்தது. ஒரு மென்பொருள் ஓடுவதற்கு வேறு பல துணை மென்பொருள்கள் வேண்டும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்றுக்காக நிறுவியது இன்னொன்றைக் கெடுத்துவிடும். ‘என் கணினியில் ஓடுகிறதே, உன் கணினியில் ஏன் ஓடவில்லை?’ என்று நிரலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். 2013இல் வெளிவந்த டாக்கர் இதற்கு எளிய வழி காட்டியது. மென்பொருளையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுவது. அடைத்து வைத்த நிலையில் அதற்குப் ‘படிமம்’ என்று பெயர். அது ஓடத் தொடங்கியதும் கொள்கலன் ஆகிறது.

இது கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியை உருவாக்குவது போன்றதன்று. கொள்கலனுக்குத் தனி இயங்குதளம் கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலைப் பல கொள்கலன்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கொள்கலன் எதையெல்லாம் பார்க்கலாம் என்பதற்கு ஒரு தடுப்பு. எவ்வளவு நினைவகமும் செயலாக்கத் திறனும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இன்னொரு வரம்பு. இவ்விரண்டையும் கெர்னலே கவனித்துக்கொள்கிறது. அதனால்தான் சில விநாடிகளில் ஒரு கொள்கலன் எழுந்து நிற்கிறது. விண்டோஸ் கணினியில் டாக்கர் தனக்காக ஒரு சிறிய லினக்ஸைப் பின்னால் ஓட்டிக்கொள்ளும். நீங்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

கட்டளையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மெய்லிசர்ச்சின் சொந்த வழிகாட்டியில் டாக்கருக்கான கட்டளை இருக்கிறது. அதை அப்படியே ஒட்டி விசையைத் தட்டினால் ஓடிவிடும். ஆனால் புரியாமல் ஒட்டாதீர்கள். அறிவியல் கூடத்தில் புட்டியின் பெயரைப் படிக்காமல் அமிலத்தை ஊற்ற மாட்டீர்கள் அல்லவா? அந்தக் கட்டளையில் நீங்கள் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, படிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும். ‘அண்மையது’ என்று பொதுவாகக் குறிப்பிடவும் வழி உண்டு. அதைத் தவிர்த்து, எண்ணைக் குறிப்பிடுங்கள். இந்த மென்பொருளில் ஒரு பதிப்பு எழுதிய தரவை அடுத்த பதிப்பு அப்படியே திறந்துவிடும் என்று சொல்ல முடியாது. பரிசோதனை அறிக்கையில் கரைசலின் செறிவைக் குறிப்பது போல இதையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, போர்ட் எண். மெய்லிசர்ச் 7700 என்ற எண்ணில் காத்திருக்கும். பெட்டிக்கு வெளியே இருக்கும் உங்கள் கணினியின் எந்த எண்ணை உள்ளே இருக்கும் இந்த 7700உடன் இணைப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தரவு தங்கும் இடம். கொள்கலனை நீக்கினால் அதற்குள் எழுதியவையும் போய்விடும். ஆகவே உங்கள் கணினியில் உள்ள ஒரு கோப்புறையைக் கொள்கலனுடன் இணைத்துவிட வேண்டும். பெட்டி போனாலும் சரக்கு கிடங்கில் இருக்கும்.

நான்காவது, சாவி. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

கட்டளை ஓடியதும் உலாவியில் 127.0.0.1:7700 என்று தட்டுங்கள். ஒரு தேடல் பெட்டி வரும். இது இணையத்திலிருந்து வருவதன்று. உங்கள் கணினி தன்னிடமே கேட்டுப் பெறுவது. படிமத்தை இறக்கிய பிறகு இணைய இணைப்பைத் துண்டித்தாலும் இது வேலை செய்யும்.

அடைவு என்பது பழைய நுட்பம்தான்

இனி உங்கள் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். அட்டவணை மென்பொருளில் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண், ஒரு தலைப்பு, ஓர் உள்ளடக்கம் என்று முப்பது நாற்பது குறிப்புகளைத் தட்டிச் சேமியுங்கள். வழிகாட்டியில் உள்ளபடி ஒரு கட்டளையால் அனுப்பிவிடுங்கள். நீங்கள் தேடும்போது அந்த மென்பொருள் ஒவ்வொரு குறிப்பையும் முதலிலிருந்து படிப்பதில்லை. குறிப்புகள் வந்து சேர்ந்தபோதே ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. ‘உயிர்வளி’ என்ற சொல் 3, 8, 21 ஆகிய குறிப்புகளில் உண்டு. ‘கரிவளி’ 3, 14இல் உண்டு என்பது போன்ற பட்டியல் அது. இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடினால், இரண்டு வரிசையிலும் உள்ள 3ஆம் குறிப்பு முன்னால் வரும்.

பழந்தமிழ் நூல்களுக்குத் தமிழறிஞர்கள் தொகுத்த சொல்லடைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. எந்தச் சொல் எந்த வரியில் என்று காட்டும் பட்டியல். அவர்கள் ஆண்டுக்கணக்கில் கையால் செய்ததைக் கணினி நொடியில் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அடைவு தொகுத்த அறிஞருக்குத் தமிழ் தெரியும். கணினிக்குத் தெரியாது.

மூன்று சோதனைகள்

இதை நீங்களே நிரூபிக்கலாம். மெய்லிசர்ச்சில் எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் அல்லவா? ஆகவே முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

முதல் சோதனை. ‘மரத்தின் இலைகளில் ஒளிச்சேர்க்கை நடைபெறுகிறது’ என்று ஒரு குறிப்பு. ‘மரங்கள் கரிவளியை உட்கொள்கின்றன’ என்று இன்னொரு குறிப்பு. இப்போது ‘மரம்’ என்று தேடுங்கள். இரண்டும் வராது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பன்மையில் ஓரெழுத்து கூடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். நமக்கு அப்படியில்லை. மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்தின், மரத்தில், மரங்கள், மரங்களை என்று வேற்றுமை உருபும் பன்மையும் சேரச் சேரச் சொல்லின் வடிவம் மாறுகிறது. எழுத்தை மட்டும் ஒப்பிடும் இயந்திரத்துக்கு இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள்.

இரண்டாம் சோதனை. ‘சரி, சுருக்கித் தேடுவோம்’ என்று ‘மர’ என்று மட்டும் தட்டுங்கள். கடைசிச் சொல்லை அது தொடக்கப் பகுதியாக எடுத்துக்கொள்ளும். இப்போது மரத்தின், மரங்கள் எல்லாம் வந்துவிடும். கூடவே ‘மரபணு’வும் வரும். அது எதிர்பார்த்ததுதான். ‘மருந்து’ம் வரும் என்று எதிர்பார்த்தீர்களா? நம் இலக்கணத்தில் ‘ரு’ ஓரெழுத்து. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் சேர்ந்து 247 எழுத்துகள் என்று படிக்கிறோம். ஆனால் கணினியின் ஒருங்குறியில் 247க்கும் தனித்தனிக் குறியீடு இல்லை. ‘ரு’ என்பது ‘ர’ என்ற குறியீட்டையும் உகரக் குறியையும் அடுத்தடுத்து வைத்ததுதான். ஆகவே ‘மருந்து’ என்ற சொல்லும் ‘மர’ என்ற குறியீடுகளோடுதான் தொடங்குகிறது.

மூன்றாம் சோதனை. எழுத்துப்பிழை வசதியை மீண்டும் இயக்குங்கள். ‘விலங்கு’ என்று தேடுங்கள். விலங்குகளைப் பற்றிய குறிப்புகளுக்குக் கீழே, ‘இப்படத்தைப் பார்த்தால் விளங்கும்’ என்ற வரியுள்ள குறிப்பும் வந்து நிற்கும். நமக்கு லகரமும் ளகரமும் பொருளை மாற்றும் எழுத்துகள். அந்த மென்பொருளுக்கு அது வெறும் தட்டச்சுப் பிழை.

முதல் சோதனையில் வர வேண்டியது விடுபட்டது. மற்ற இரண்டில் வேண்டாதது வந்தது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். தேடலைப் பற்றி ஆராய்கிறவர்கள் நாள்தோறும் மல்லுக்கட்டும் சிக்கல் இது. இதை நீங்கள் கைப்படக் கண்டுவிட்டால், தேடிக் கிடைக்காத ஒன்றைப் பற்றி ‘தமிழில் இதைப் பற்றி எதுவும் இல்லை’ என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டீர்கள். இல்லாமல் இருப்பது வேறு. கண்டுபிடிக்கப்படாமல் இருப்பது வேறு.

இதற்கு மருந்தும் உண்டு. மெய்லிசர்ச்சில் ஒத்த சொற்களை நீங்களே பதிந்து வைக்கலாம். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தின்’, ‘மரங்கள்’ ஆகியவற்றையும் பார் என்று சொல்லிவிடலாம். நாற்பது குறிப்புகளுக்கு இது போதும். நாற்பதாயிரத்துக்குப் போதாது. அதற்கு விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லைக் காணும் விதிகள் வேண்டும். ஸ்னோபால் என்ற திறந்த மூலத் திட்டத்தில் பல மொழிகளோடு தமிழுக்கும் அத்தகைய விதிகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றை எழுத நிரலாக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. வேற்றுமையும் புணர்ச்சியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வகுப்பில் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே படிக்கும் அதே இலக்கணம்தான்.

கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ய வைத்த முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். 1980களில் தொடங்கி அவர் உருவாக்கிய ‘முரசு’ மென்பொருளை உலகத் தமிழர்கள் அறிவார்கள். அந்தத் தலைமுறை தமிழை எழுத வழி செய்தது. எழுதியதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியைச் செப்பனிடுவது உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கும் வேலை.

முதலிடம் என்பது ஒருவரின் முடிவு

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒரு குறிப்பின் தலைப்பில் மட்டும் ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல் இருக்கட்டும். இன்னொரு குறிப்பின் உள்ளடக்கத்தில் மட்டும் அது இருக்கட்டும். தலைப்புக்கு முன்னுரிமை என்று அமைத்தால் முதல் குறிப்பு மேலே வரும். உள்ளடக்கத்துக்கு முன்னுரிமை என்று மாற்றுங்கள்; வரிசை தலைகீழாகும். குறிப்புகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது உங்கள் விருப்பம் மட்டுமே.

பெரிய தேடுபொறிகளில் இந்த விருப்பம் வேறொருவர் கையில் இருக்கிறது. கூகள் தேடுபொறியை உருவாக்கிய செர்கே பிரின், லேரி பேஜ் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோது, 1998இல் அதை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். விளம்பர வருமானத்தில் ஓடும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரம் தருவோர் பக்கம் சாயும் என்று அதன் பின்னிணைப்பில் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். பின்னாளில் அவர்கள் நிறுவனமும் விளம்பர வருமானத்தில்தான் வளர்ந்தது. இதைச் சொல்வது அவர்களைக் குறை கூற அன்று. முதலிடத்தில் நிற்பதெல்லாம் முதன்மையானதன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான்.

கதவைப் பூட்டுங்கள்

இப்போது அந்தச் சாவிக்கு வருவோம். டாக்கரில் ஒரு போர்ட்டைத் திறந்தால், வேறு எதுவும் சொல்லாதவரை, உங்கள் கணினியின் எல்லா இணைய வழிகளிலும் அது திறந்துகொள்ளும். அதே வைஃபையில் இருப்பவர்களும் எட்டிப் பார்க்க முடியும். ஆகவே போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று குறிப்பிடுங்கள். உங்கள் கணினியோடு மட்டும் நின்றுவிடும். கூடவே நீளமான ஒரு முதன்மைச் சாவியையும் அமைத்துவிடுங்கள்.

இது வீண் பயமுறுத்தல் அன்று. 2020 ஜூலையில், பூட்டாமல் இணையத்தில் விடப்பட்டிருந்த எலாஸ்டிக்சர்ச், மாங்கோடிபி போன்ற தரவுத்தளங்களை ஒரு தானியங்கி நிரல் தேடித் தேடி அழித்தது. ஆயிரக்கணக்கானவை அழிந்தன. பணமும் கேட்கவில்லை; காரணமும் சொல்லவில்லை. அழித்த இடத்தில் ‘மியாவ்’ என்ற பூனைக்குரலை மட்டும் எழுதிவிட்டுப் போனது. அவற்றில் எலாஸ்டிக்சர்ச் என்பதும் நீங்கள் ஓட்டப்போவது போன்ற ஒரு தேடல் மென்பொருள்தான். சாவி இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

ஒரு கண்டிப்பான சொல்லும் உண்டு. நண்பர்களின் அடையாள அட்டை எண்ணையோ, புலனக் குழுவில் வந்த உரையாடல்களையோ இதில் ஏற்றாதீர்கள். உங்கள் கணினி என்பதால் மற்றவர்களின் செய்தி உங்களுடையது ஆகிவிடாது.

‘இதற்கெல்லாம் நேரம் எங்கே?’

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். ‘எஸ்.பி.எம். தேர்வுக்கு இது வராதே’ என்பீர்கள். வராதுதான். ஆனால் நாற்பது குறிப்புகளைத் தட்டி ஏற்றும்போது நாற்பது பாடக்கூறுகளை மீள்பார்வை செய்துவிடுகிறீர்கள். மாறியைக் கட்டுப்படுத்துவது, உற்றறிந்ததைப் பதிவது, ஊகிப்பது எல்லாம் இதில் உண்டு.

‘இப்போது செயற்கை நுண்ணறிவே பதில் சொல்கிறதே, தேடுவானேன்?’ என்று சிலர் கேட்கலாம். அவற்றில் பலவும் பதில் சொல்வதற்கு முன் ஏதோ ஓர் அடைவில் தேடித்தான் ஆவணங்களை எடுக்கின்றன. அந்தத் தேடலில் ‘மரத்தின்’ விடுபட்டால், பதிலிலும் அது விடுபடும். அப்போது பட்டியல்கூட உங்கள் கண்ணில் படாது என்பதால் எது விடுபட்டது என்றே தெரியாமல் போகும்.

‘எங்கள் வீட்டில் மடிக்கணினி இல்லை’ என்பவர்களின் நிலைதான் உண்மையான தடை. கைப்பேசியில் இதை வசதியாகச் செய்ய முடியாது. ஆகவே இது பள்ளியின் பொறுப்பும்தான். அறிவியல் கழகமும் தமிழ்மொழிக் கழகமும் சேர்ந்து ஒரு கணினியை ஒதுக்கினால் போதும். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் குறிப்புகளைத் தட்டலாம். ஒருவர் கட்டளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் சொல்வடிவங்களைத் தொகுக்கலாம். ஒருவர் முடிவுகளைப் பதியலாம். இலக்கணத்தில் கெட்டிக்காரரையும் கணினியில் கெட்டிக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலைகள் பள்ளியில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். ‘மரம்’, ‘மர’, ‘விலங்கு’ மூன்றையும் தேடிப் பாருங்கள். எது வந்தது, எது வரவில்லை, நீங்கள் எதை மாற்றியபோது அது வந்தது என்று ஒரு தாளில் எழுதி, பள்ளி திறந்ததும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள், தமிழாசிரியரிடமும் காட்டுங்கள். அடுத்த இடுபணிக்குத் தேடும்போது இரண்டாம் பக்கத்தையும் திறந்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.